உதை போடுங்கோ

தொழில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் ஒரு பிழை விடுவார்கள். பெரும்பாலானோரின் பிழை மூலையில் ஒதுங்கிக் கிடந்து கொஞ்ச நாளில் மறந்துபோகும். என்னுடைய பிழை ஒரு முழு உதைபந்தாட்ட அணியின் முதுகில், வெள்ளை நிறத்தில், ஒரு சாண் உயரத்தில், ஒரு சுருக்கமோ குமிழியோ இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. அதன் நேர்த்தியைப் பற்றி இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. (சொல்ல ஏலாது. அவ்வளவு வடிவு.)

கரவெட்டியில் றோட்டுப் பக்கம் பார்த்த எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு கணினி, வைனில் என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் ஸ்ரிக்கர் வெட்டும் ஒரு இயந்திரம், வெட்டிய எழுத்தைச் சேட்டில் வைத்துச் சூட்டோடு அழுத்தும் ஒரு இயந்திரம். இந்தக் கடைசி இயந்திரத்தை அப்பா தோசைக்கல் என்றுதான் சொல்வார். அது வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பிள்ளை தோசைக்கல்லுக்கு முன்னாலை நிக்கிறாள்" என்றுதான் கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்வார். வந்தவர்கள் எனக்கு அடுப்படியில் வேலை என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஓட்டோக்களின் பின் கண்ணாடிக்குச் 'சந்நிதியான் துணை', பருத்தித்துறை வள்ளங்களுக்குப் பெயர், முதலாவது பிறந்தநாளுக்குக் குடும்பம் முழுவதற்கும் ஒரே மாதிரி ரீசேட் என்று தொடக்கத்தில் வேலை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வருகிறதும் போகிறதும் ஒழுங்கான நேரத்தில் நடக்க வேண்டும் அவருக்கு. எங்கள் கடைக்கு ஆட்கள் மழை மாதிரி வந்தார்கள், அதாவது வந்தால் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பல் டொக்டர் முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்துவிட்டார்.

"சேட் எல்லாரிட்டையும் கிடக்கு. பல்லுக்கொதி எல்லாருக்கும் வரும்," என்றார் அப்பா. எனக்கே அந்த வாரம் கடைவாய்ப்பல் நொந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கழகத்தின் ஓடர் வந்தது. எங்கள் ஊர்க் கழகத்துக்கு நெடுங்காலம் உதைபந்தாட்டம் பழக்கிய மாஸ்ரர் முந்திய வருடம் காலமாகியிருந்தார். அவருடைய நினைவாக முதல் முறையாக ஒரு சுற்றுப்போட்டி. அணிக்குப் புதுச் சேட்டுகளை மாஸ்ரரின் மனைவி தன் செலவில் தருகிறார். அவர் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் படிப்பித்தவர், எனக்கும்தான். ஊர் முழுக்க அவருக்குப் பெயர் 'ரீச்சர்' மட்டும்தான். பத்தாம் வகுப்பில் வேற்றுமைகளைக் கேட்டபோது நான் எழுந்து நின்று எட்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். உதாரணம் கேட்டபோது உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் நான் சொன்னேன், இந்த ஓடர் நல்லபடி போனால் மற்றக் கழகங்களும் வரும், கடை தொடரட்டும். போகாவிட்டால் அறையை டொக்டருக்குக் கொடுங்கள், நானே கூட்டிப் பெருக்கித் தருகிறேன். அப்பா யோசித்தார்.

"சரி. போட்டி முடியுமட்டும் பொறுக்கச் சொல்லுறன்," என்றார். டொக்டரும் பொறுத்தார். பல் பிடுங்குகிறவர்களுக்குப் பொறுமை அதிகம்.

இனி கழகச் செயலாளர் குகன் அண்ணை. அவர் மிகவும் மரியாதையான மனிதர். தன் வீட்டு நாயைக்கூட "அங்காலை போங்கோ" என்றுதான் கலைப்பார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. தினமும் விடிய வாட்ஸ்அப்பில் மாலை போட்ட ஒரு சாமி படமும் காலை வணக்கமும் அனுப்புவார். ஊரில் அவரிடம் இலக்கம் கொடுத்த எல்லோருக்கும் வரும். என் தொலைபேசியில் டிசைன்கள் நிரம்பி இடமில்லாததால் படங்கள் தானாக இறங்காமல் நான் நிறுத்தி வைத்திருந்தேன். ஆகவே குகன் அண்ணையின் முருகனும் பிள்ளையாரும் என்னிடம் எப்போதும் மங்கலாகத்தான் இருப்பார்கள். நடுவில் ஒரு முகம் மாதிரி, சுற்றிவர மஞ்சளாய் ஒரு மாலை மாதிரி. நான் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. கும்பிட வேண்டுமென்றால் கோயில் இருக்கிறது.

ஒரு நாள் காலையும் அப்படியே ஒரு படம் மங்கலாக வந்தது. நடுவில் முகம், சுற்றிவர மாலை. அதற்குக் கீழே எழுத்தில்:

'முன்னுக்கு கழகத்தின்ரை சின்னம். பின்னுக்கு உதை போடுங்கோ. பெரிசா. எல்லாச் சேட்டிலையும்.'

எங்கள் ஊரில் 'உது' என்றால் அதற்கும் இதற்கும் நடுவில் இருக்கிற ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டி நான் 'உதை எடுங்கோ' என்பேன். நாளுக்கு நூறு தரம் சொல்கிற சொல். மேலே அனுப்பிய படத்தில் இருப்பதைத்தான் குகன் அண்ணை 'உதை' என்று சொல்கிறார் என்பது கரவெட்டியில் பிறந்த ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஆனால் நான் அப்போது கரவெட்டிப் பிள்ளையாக அதை வாசிக்கவில்லை. டிசைனராக வாசித்தேன். யாழ்ப்பாண ரவுனில் மூன்று மாதம் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள் அல்லவா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உதைபந்தாட்டக் கழகம். பின்னுக்கு ஒரே ஒரு சொல். உதை. பெரிசா. குகன் அண்ணைக்குள் இப்படி ஒரு கலைஞர் இருந்திருக்கிறார், நாங்கள்தான் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

'அருமை அண்ணை. இதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்' என்று மறுமொழி போட்டேன். அவர் கைகூப்புகிற அடையாளம் ஒன்று அனுப்பினார்.

என் திறமையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். சேட்டில் ஒட்டுகிற வைனிலை எழுத்து இடம் வலம் மாறித் தெரியும்படி திருப்பி வெட்ட வேண்டும், அழுத்தும்போதுதான் அது நேராக வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மறந்து ஆங்கிலத்தை அரபு மாதிரி ஒட்டிவிடுவார்கள். நான் மறக்கவில்லை. சூடு கூடினால் துணி கருகும். கருகவில்லை. மேல் பிளாஸ்ரிக்கை அவசரப்பட்டு உரித்தால் எழுத்தும் கூடவே வரும். வரவில்லை. 'உ'வின் வால் வளைவதற்காக அரை நாள் மினக்கெட்டேன். 'தை'யின் கொம்பைக் காலால் எத்துவது போலக் கொஞ்சம் சாய்த்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, உதை எண்டு கிடக்கு?"

"உதைதான் அப்பா."

"வடிவாத்தான் கிடக்கு," என்றார் அப்பா. ஒரு சொல்லுக்கு மேல் யோசிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சேட்டுகளை முன்பக்கம் தெரிய மடித்துப் பொலித்தீனில் போட்டுக் கொடுத்தேன். குகன் அண்ணை சின்னத்தைத் தடவிப் பார்த்து, "நல்லாயிருக்குங்கோ" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார், நான்தான் அவ்வளவு வடிவாக மடித்திருந்தேனே.

போட்டி நாளன்று மைதானத்தில் நல்ல சனம். அப்பாவும் நானும் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். என் கடையின் பெயர் போட்ட ரீசேட்டை நான் அணிந்திருந்தேன். (உந்த மண்டைக்கனத்தையும் எழுதத்தான் வேணும்.) பொடியன்கள் கொட்டகைக்குள் சேட் மாற்றினார்கள். கோல் காப்பவன் என்னைக் கண்டு, "அக்கா, பின்னுக்கு எழுதினது சும்மா அந்த மாதிரி," என்றான். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. குகன் அண்ணை அந்த நேரம் ஒலிபெருக்கிக்காரரிடம் "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மேடையில் மாஸ்ரரின் பெரிய படம். பக்கத்தில் ரீச்சர், வெள்ளைச் சேலையில். அணி மேடையைப் பார்த்து வரிசையாக நின்றது. முன்பக்கம் எல்லாம் ஒழுங்கு, மேடையில் இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "மாஸ்ரரின் ஆன்மா சாந்தியடைய இரண்டு நிமிட மௌன அஞ்சலி. எல்லாரும் எழும்பி நில்லுங்கோ."

பொடியன்கள் மாஸ்ரரின் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார்கள். பின்னால் ஊர் முழுக்க எழுந்து நின்றது. ஊருக்கு முன்னால் இப்போது தெரிந்தது குனிந்த முதுகுகள் மட்டும்தான். உதை. உதை. உதை. உதை. இடமிருந்து வலம் கடைசி வரைக்கும்.

முதல் அரை நிமிடம் மௌனம் உண்மையாக இருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ இருமுவது மாதிரிக் கேட்டது. அது இருமல் இல்லை. அப்படியே ஆளுக்கு ஆள் தொற்றி, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்குகிற சனத்தை நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு செத்த வீட்டில் சிரிப்பு வந்தால் எப்படியோ அப்படி. நான் அப்போதும் பெருமையோடுதான் நின்றேன். என் வேலை ஆட்களை இந்த அளவுக்கு அசைக்கிறதே என்று நினைத்தேன்.

மௌனம் முடிந்ததும் குகன் அண்ணை ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஓடியதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, உது என்னங்கோ?"

"எது?"

"பின்னுக்கு எழுதிக் கிடக்கிற உது."

"உதை."

"ஓம், உதைத்தான் கேக்கிறன். என்ன உது?"

"உதை, அண்ணை. நீங்கள்தானே உதை போடச் சொன்னனீங்கள்."

"நான் உதை போடச் சொன்னனான்தான். ஆனா உதை போடச் சொல்லேல்லையே."

"பிறகு எதைப் போடச் சொன்னனீங்கள்?"

"உதை," என்று சொல்லித் தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

படம் அவருடைய தொலைபேசியில் மங்கலாக இல்லை. அது முருகனும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. மாலை போட்ட மாஸ்ரர். அதற்குக் கீழே ரீச்சர் தன் கையால் எழுதியிருந்தார்: 'மாஸ்ரர் எங்களோடு.'

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையை நினைத்து அல்ல. கடை போய்விட்டது, அது தெரிந்த விசயம். மைதானத்தின் ஓரத்தில் நின்ற அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அறைக்கு என்ன நிறம் பூசுவது என்று யோசிப்பவர் போல. நான் அழுதது அந்த இரண்டு சொல்லுக்காக. ஒரு மனுசி யோசித்து யோசித்து எழுதிய இரண்டு சொல்லை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சுகிர்தா, இஞ்சை வாரும்," என்றார் ரீச்சர் மேடையிலிருந்து.

போனேன். குகன் அண்ணையும் வந்தார். மேடை மேசையில் ஒலிவாங்கி இருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. ரீச்சர் குகன் அண்ணையின் தொலைபேசியை வாங்கிச் செய்தியை வாசித்தார். அணித்தலைவனைத் திரும்பி நிற்கச் சொல்லி அவன் முதுகையும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உதை. என்ன சொல் உது?"

"வினை, ரீச்சர். ஏவல் வினை."

"வேறை?"

"பெயர், ரீச்சர். சுட்டுப்பெயர். உது. அதோடை ஐ சேந்து உதை."

"எத்தினையாம் வேற்றுமை?"

"இரண்டாம்."

"இரண்டாம் வேற்றுமைக்குப் பிறகு போடுங்கோ எண்டு ஒரு சொல் வந்தா?"

"ஒற்று மிகும், ரீச்சர். உதைப் போடுங்கோ."

ரீச்சர் குகன் அண்ணையின் பக்கம் திரும்பினார். "இதிலை 'ப்' எங்கை, குகன்?"

குகன் அண்ணைக்கு அப்போது தலையில் பாதி முடி இல்லை, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "விட்டிட்டன், ரீச்சர்."

"எட்டாம் வகுப்பிலையும் விட்டனீர்."

மைதானம் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் நாங்கள் கதைத்தது எல்லாம் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது எங்களுக்கு விளங்கியது. சிரிப்பு அடங்கியபோது ரீச்சர் மாஸ்ரரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு 'ப்' போட்டிருந்தா மனுசன் இப்ப சேட்டிலை இருப்பார்," என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ, ரீச்சர். நான் எல்லாத்தையும் திருப்பி அடிச்சுத் தாறன்," என்றேன்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "மாஸ்ரர் இருந்திருந்தா," என்றார், "தன்ரை பேரை விட உதை(த்)தான் விரும்பியிருப்பார்."

சனம் கைதட்டியது. ரீச்சர் சொன்னது சுட்டுப்பெயரா, காலால் கொடுக்கிற உதையா என்று எங்கள் ஊரில் இன்றுவரை முடிவாகவில்லை. சுட்டுப்பெயர் என்றால் 'உதைத்தான்' என்று 'த்' மிகும். மற்றது என்றால் மிகாது. சரியாக அந்த இடத்தில் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டது. ரீச்சரிடம் நேரில் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை, கேட்டால் அவர் இலக்கணம் கேட்பார்.

போட்டியில் எங்கள் அணி தோற்றது. யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். எங்கள் பொடியன்களுக்குத் தங்கள் முதுகு தெரியாது. பின்னால் துரத்தி வந்த தொண்டைமானாற்றுப் பக்கத்து அணிதான் அந்தச் சொல்லை ஆட்டம் முழுக்க வாசித்துக்கொண்டு ஓடியது. வாசித்ததோடு நிற்காமல் சொன்னபடி செய்தது. பந்தைக் கொஞ்சம், எங்கள் பொடியன்களைக் கொஞ்சம். நடுவரிடம் முறையிட்டபோது அவர், "நீங்கள்தானே எழுதி வைச்சிருக்கிறியள்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அப்பா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தியதும் நானே கேட்டேன்.

"டொக்டரை எப்ப வரச் சொல்லுறியள்?"

அப்பா சாவியைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கு அங்கை நிண்ட அவ்வளவு பேருக்கும் எங்கடை கடை எது எண்டு தெரியும்," என்றார். "ஒரு பல் டொக்டருக்கு இவ்வளவு பேர் தெரிய எத்தினை பல்லுப் பிடுங்கோணும்?"

மறுநாள் காலையில் கடைக்கு முதலில் வந்தது ரீச்சர். கையில் அந்தச் சேட்டுகள் எல்லாம், தோய்த்து மடித்து. நான் ஒட்டிய எழுத்தை உரிக்கிற மருந்தை எடுத்தேன். "வேண்டாம்," என்றார். "அதுக்குக் கீழை இடம் கிடக்கு. அதிலை சின்னனாப் போடும்." அப்படியே போட்டேன். 'உதை' என்று பெரிதாக, கீழே 'மாஸ்ரர் எங்களோடு' என்று சிறிதாக. ரீச்சர் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சேட்டாக வாசித்து வாங்கினார். கடைசிச் சேட்டைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

அடுத்ததாக வந்தது எங்களை வென்ற அணியின் தலைவன்.

"அக்கா, எங்களுக்கும் சேட் அடிக்கோணும். பின்னுக்கு உதையே போடுங்கோ," என்றான்.

"எந்த உதை?" என்று கேட்டேன். அன்றைக்குத் தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

இப்போது என்னிடம் தோசைக்கல் மூன்று இருக்கின்றன. வடமராட்சியில் நாங்கள் சேட் அடிக்காத கழகம் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல் டொக்டர் நெல்லியடியில் இடம் எடுத்துவிட்டார். அவருடைய கண்ணாடிக் கதவில் சிரிக்கிற பல் நான் வெட்டி ஒட்டியது. என் கடைக்கு நான் வைத்த பெயர் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அது உதைக்கடை. கொழும்பிலிருந்து வருகிற வைனில் பார்சலும் 'உதைக்கடை, கரவெட்டி' என்று எழுதி வந்து சேர்கிறது. உள்ளே நுழைந்தால் எதிர்ச் சுவரில் சிவப்பு வைனிலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: 'சுட்டுப்பெயரில் ஓடர் ஏற்கப்படமாட்டாது. ஒற்று முக்கியம்.' அதை ரீச்சரிடம் திருத்தக் கொடுத்தேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை என்பதை நான் பெருமையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

வீட்டில்தான் அந்த அறிவித்தல் செல்லுபடியாகவில்லை. என் மகளுக்கு நாலு வயது. இந்தக் கதையை அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்கள். இரவில் சாப்பிட உட்கார்ந்து அப்பா அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற சம்பலைக் காட்டி, "பிள்ளை, உதைத் தா" என்பார். அவள் மேசைக்குக் கீழே குனிந்து, சரியாகக் குறி பார்த்து, அவருடைய முழங்காலில் ஒன்று கொடுப்பாள். அப்பா அந்தத் 'த்'தை எவ்வளவோ அழுத்தித்தான் சொல்லிப் பார்க்கிறார். பேத்திக்கு இன்னும் இலக்கணம் தொடங்கவில்லை.